வளரி பயிற்றிய கை

குறிபார்த்து எய்தலும் எறிதலும் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. பாலைத்திணைப் பாடல்களில் வில்லேந்திய மறவரைக் காணாத புலவர் இலர். ஆயினும், ஒரு படைக்கலத்தை யார் யாருக்குக் கற்பித்தார், கற்றவர் அதன்பின் என்ன செய்தார் என்னும் செய்தி எழுத்தில் பதிவாகிக் கிடைப்பது அரிது. அத்தகைய பதிவொன்று மதுரை, சிவகங்கைச் சீமைக்கு வாய்த்திருக்கிறது. 1795இல் சின்ன மருது பாண்டியரிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்ற ஆங்கிலேய இளைஞர் ஒருவர், ஆறே ஆண்டுகளில் அவரைத் துரத்திய படையில் நின்றார். பின்னாளில் அச்செய்தியைத் தம் கையாலேயே எழுதியும் வைத்தார்.

அவர் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். 1775இல் பிறந்து, இளம் வயதிலேயே கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். தம் படைவாழ்வின் நாட்குறிப்புகளிலிருந்து அவர் தொகுத்த நினைவு நூல் 1830இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. மருதிருவரை நேரிற் கண்டு பழகியவர் எழுதிய சான்றாக வரலாற்றாசிரியர் பலரும் எடுத்தாள்வது அந்நூலையே.

வெல்ஷ் மதுரையில் பணியாற்றியபோது நகரைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. இன்று மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஆனையூர், அன்று கோட்டைக்கு வடமேற்கே தொலைவில் கிடந்த நாட்டுப்புறம். கிழக்கே சென்றால் சிவகங்கைச் சீமை. 1772இல் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், 1780இல் வேலுநாச்சியார் மீட்ட அச்சீமையின் ஆட்சி அப்போது மருதிருவர் கையில் இருந்தது. மூத்தவராகிய பெரிய மருது ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேட்டையிலேயே மகிழ்ந்திருந்தவர். ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களால் வளைக்கவல்லவர் என்று மக்கள் பேசிக்கொண்டதையும் வெல்ஷ் குறித்திருக்கிறார். தம்பி சின்ன மருது சிறுவயலில் வாழ்ந்தார். அவர் மாளிகையில் காவல் இல்லை என்றும், எவரும் தடையின்றிச் சென்றுவரலாம் என்றும் அந்நூல் கூறுகிறது. மதுரையிலிருந்த இளைஞருக்கு நல்லரிசியும் பழங்களும் அவரிடமிருந்து வந்தன. ஈட்டியையும் வளரியையும் எறியக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

அப்பயிற்சியின் அருமை வளரியின் இயல்பை அறிந்தாலன்றி விளங்காது. வளரி பிறைபோல் வளைந்த எறிபடை. மரத்தாலோ இரும்பாலோ செய்யப்படுவது. யானைத் தந்தத்தால் ஆனவையும் உண்டு. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து பெற்ற அத்தகைய தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றிச் சுழற்றி எறிவர். மான் வேட்டைக்கும் போருக்கும் கள்ளரும் மறவரும் இதனைக் கையாண்டனர். மணவினையின்போது இருவீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் கள்ளரிடையே இருந்ததாக எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூலில் பதிந்துள்ளார். வளரி அவர்களுக்கு ஆயுதம் மட்டுமன்று. உறவின் அடையாளமும் ஆகும்.

தேர்ந்தவர் கையில் நூறு கஜத் தொலைவுக்குள் வளரி குறிதவறாது என்பது வெல்ஷின் மதிப்பீடு. அக்காலக் கும்பினிப் படையின் கைத்துப்பாக்கியோ உட்புறம் வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழலையுடையது. அதே நூறு கஜத்தில் தனியொருவரைக் குறிவைத்து வீழ்த்துவது அதனால் அரிது. ஆகவே, வீரர்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்கே பழக்கப்பட்டனர். குறி என்பது அங்கே தனியொருவன் கண்ணையும் கையையும் சார்ந்ததாக இல்லை. ஒருவனது கண்ணும் தோளும் மூச்சும் ஒன்றி நின்று பயிலும் கலையை வெல்ஷ் கற்றது பாளையக்காரரிடம்தான். அதனைக் கற்பிப்பவர் அருகில் நின்று கைபிடித்துக் காட்டவேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் அது நிகழாது.

அந்த நம்பிக்கை ஆறு ஆண்டுகளே நிலைத்தது. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 தொடக்கத்தில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31இல் கும்பினிப் படை அதன்மேல் நடத்திய தாக்குதல் தோற்றது. கரிசல் நிலம் வெடிக்கும் கோடையில் முற்றுகை நீண்டு, மே 24இல் கோட்டை வீழ்ந்தது. தப்பிவந்த ஊமைத்துரைக்கு மருதிருவர் அடைக்கலம் தந்தனர். ஜூன் 16இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் சுவர்களில் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் விளித்து, அந்நியரை எதிர்க்க அழைத்த அவ்வறிக்கையில், ஐரோப்பியருக்குத் தணியாப் பகைவன் என்று அவர் தம்மைக் குறித்துக்கொண்டார்.

கர்னல் அக்னியூவின் படை சிறுவயலை நெருங்கியபோது ஊர் தீக்கிரையாயிற்று. காவலின்றித் திறந்து கிடந்த மாளிகையும் இருந்த ஊர் அது. அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்கும் முயற்சி ஏறத்தாழ ஒரு மாதம் நடந்து, கைவிடப்பட்டது. காடும் அம்மக்களுக்குப் படையாக நின்றது. பின்னர்ப் பல திசைகளிலிருந்தும் தாக்கி, அக்டோபர் 1இல் காளையார்கோயிலைக் கைப்பற்றினர். தொடையெலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதிருவரும் அவர்களைச் சேர்ந்தோரும் தூக்கிலிடப்பட்டனர். தமக்குப் படைக்கலம் பயிற்றியவரைக் காட்டு விலங்குபோல் துரத்த நேர்ந்ததையும், அவர் உடல் தொங்கியதைக் கண்டதையும் வெல்ஷ் வருத்தத்தோடு எழுதியுள்ளார்.

கதை அத்துடன் முடியவில்லை. சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். அதற்குமுன் தூத்துக்குடியில் அவர்களைக் காவலில் வைத்திருந்தவரும் வெல்ஷே. 1818இல் அவர் பினாங்கு சென்றபோது, உடல் தளர்ந்த முதியவர் போன்ற ஒருவர் அவரைத் தேடிவந்தார். பெயர் கேட்டபின்னரே அவர் துரைசாமி என்பது தெரிந்தது. கப்பலேறியபோது பதினைந்து வயதளவில் இருந்தவர், முப்பது வயதை ஒட்டியே அவ்வாறு மூப்படைந்திருந்தார்.

இதற்கிடையே, 1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களில் ஆயுதங்களைத் தடைசெய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. பயிற்சியால் மட்டுமே வாழும் கலைக்குப் பயிற்சி நின்றால் அழிவே முடிவு. வளரி காவல் தெய்வக் கோயில்களில் வழிபடு பொருளாயிற்று. அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஆர்வலர் சிலர் அதனை மீண்டும் எறிந்து பழகுகின்றனர். ஆனால் கைபிடித்துக் காட்டிய ஆசிரியர் வழி அறுந்துபோனதால், பழைய முறையைத் தேடியே அவர்கள் தொடங்க வேண்டியுள்ளது.

வெல்ஷின் வருத்தம் அவர் செய்த பணியை மாற்றிவிடாது. தமக்கிட்ட ஆணைகளுள் எதனையும் அவர் மறுக்கவில்லை. எனினும், வளரி பயிற்றிய கை எத்தகையது என்பதற்கு அவர் எழுத்தே நேர்ச்சான்று. வளரியைப் பயின்ற நம்மவர் எத்தனையோ பேர் அதனை எழுதிவைக்கவில்லை. எழுதியவர் பகைவர் படையில் இருந்தார். தம் ஊரின் கலைகளையும் அவற்றைக் கற்பித்த மனிதர்களையும் எழுத்தில் நிறுத்துவது இலக்கிய அமைப்புகளின் கடமைகளுள் ஒன்று என்பதற்கு அப்பயிற்சி தக்க சான்றாகும்.