பெயர் வெட்டிய பாத்திரங்கள்



புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்தால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குகிறோம். பந்தியில் கைமாறிப் போனாலும், அண்டாவின் விளிம்பைப் பார்த்தால் யார் வீட்டுப் பொருள் என்று தெரிந்துவிடும். தானியேல் நூலின் 5ஆம் அதிகாரத்தில் பெல்சாட்சர் அரசன் வைத்த விருந்திலும் பாத்திரங்களால்தான் வினை வந்தது. எருசலேம் ஆலயத்திலிருந்து நெபுகத்னேசர் அள்ளி வந்த பொன், வெள்ளிக் கிண்ணங்கள் அவை. யாருடையவை என்று தெரிந்தே அவற்றில் மது ஊற்றிக் குடித்தார்கள். அப்போதுதான் ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதியது.

இந்தக் காட்சியை ஆம்ஸ்டர்டாம் நகரில் ரெம்ப்ராண்ட் என்ற டச்சு ஓவியர் 1636-38 வாக்கில் வரைந்தார். இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பெரிய தலைப்பாகை, அதன்மேல் சின்னக் கிரீடம். அரசன் திடுக்கிட்டுத் திரும்புகிறான், அவன் கைபட்டுக் கிண்ணம் சாய்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்தும் மது கொட்டுகிறது. சுவரில் எபிரேய எழுத்துகள் மேலிருந்து கீழாக நிற்கின்றன. பாபிலோன் அறிஞர்களால் அதை ஏன் வாசிக்க முடியவில்லை என்பதற்கு யூத அறிஞர் மெனாசே பென் இஸ்ரயேல் தந்த விளக்கம் அது. அதைக் கவனமாகப் பின்பற்றிய ஓவியரும் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்! அது நமக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. இந்த ஓவியம் உருவான அதே நகரத்தின் வணிகக் கம்பெனிக்கு 1613 முதலே பழவேற்காட்டில் கோட்டை இருந்தது. ஓவியம் பிறந்து இருபது ஆண்டுகளில், 1658இல், தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் எல்லாம் அந்தக் கம்பெனியின் கைக்குப் போயின. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க ஆலயங்கள் பறிக்கப்பட்டன, குருக்கள் துரத்தப்பட்டார்கள். தானியேல் நூலை நன்றாகப் படித்த மக்கள்தாம் இதைச் செய்தார்கள். பெல்சாட்சரைப் பழைய பாபிலோனியன் என்றே எண்ணியிருப்பார்கள் போலும்.

நம்மவர் கதையையும் சொல்லிவிட வேண்டும். டச்சுக்காரர் வருவதற்கு முன், 1621இல், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் கத்தோலிக்கப் போர்த்துக்கீசியர். இதைச் சொல்லாமல் டச்சுக்காரர் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறு.

பின்னர் 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளைப் போல் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறினார். இரவில், வீடுகளுக்குள், மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். அவரை 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். கிறிஸ்தவக் கம்பெனி ஆண்ட யாழ்ப்பாணத்தில் இப்படி ஒளிந்து பூசை நடந்த அதே காலத்தில், கம்பெனியின் கை எட்டாத உள்நாட்டில், இந்துச் சிற்றரசர்கள் ஆண்ட நம் மண்ணில், 1697இல் புகே அடிகளார் ஆவூரில் ஆலயம் எழுப்பினார்.