ஆறு சென்ட்டும் ஒரு கல்லூரியும்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூரான சவுத் ஹாட்லியில் அமைந்த மவுண்ட் ஹோலியோக் கல்லூரி, அந்நாட்டு மகளிர் கல்வி வரலாற்றில் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. 1837 நவம்பர் 8ஆம் நாள், ஏறத்தாழ 80 மாணவியருடன் அது திறக்கப்பட்டபோது ‘கல்லூரி’ என்னும் பெயர் அதற்கு வாய்க்கவில்லை. ‘செமினரி’ என்றே வழங்கிற்று. பெயர் எளியதாயினும் பாடத்திட்டம் எளியதன்று. நுழைவுத் தேர்வு உண்டு. கணிதத்திலும் அறிவியலிலும் ஏழு பாடங்களை முடித்தாக வேண்டும். நிறுவனர் மேரி லயன் அம்மையாரே வேதியியல் கற்பித்தார்.

1797இல் உழவர் குடியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர் லயன். பதினேழாம் வயதில், வாரம் 75 சென்ட் கூலிக்குப் பள்ளி ஆசிரியையானார். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு அக்காலத்தும் கல்விக்கூடங்கள் இருந்தன. நடுத்தர உழவரின் மகளுக்கு எட்டும் கட்டணத்தில் நிலையானதொரு கல்விக்கூடம் வேண்டும் என்பதே அவர் வேட்கை. பச்சை வெல்வெட் பை ஒன்றைக் கையிலேந்தி ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். ஆயிரம் டாலர் தந்தாரும் உளர். ஆறு சென்ட் தந்தாரும் உளர். பெண்ணொருத்தி இவ்வாறு தனித்துப் பயணம் செய்து பணம் கேட்பது தகாது என்று நண்பர்களே முகம் சுளித்தனர்.

உணவும் உறைவிடமும் உட்பட ஆண்டுக் கட்டணம் 60 டாலர். இஃது எங்ஙனம் இயன்றது? வேலையாட்களை அமர்த்தாமல், சமைத்தல், துலக்குதல், துணி வெளுத்தல் அனைத்தையும் மாணவியரே பகிர்ந்து செய்தனர். இதனை மனையியல் பயிற்சி என மயங்குவார் உண்டு. லயன் அதனை வெளிப்படையாக மறுத்தார். வீட்டுவேலையைத் தாயிடம் கற்க வேண்டும், இங்கு அது செலவைக் குறைக்கும் வழியே என்பது அவர் கொள்கை. மற்றொரு வழி, ஆசிரியையரின் குறைந்த ஊதியம். தமக்கும் ஆண்டுக்கு 200 டாலரே எடுத்துக்கொண்டார். மகளிர் கல்விக்குப் பாடுபட்ட மற்றொருவரான கேத்தரின் பீச்சர் இதனை அன்றே எதிர்த்தார். பெண்ணாசிரியர் குறைந்த கூலிக்குக் கிடைப்பர் என்னும் எண்ணத்தை இம்முறை வலுப்படுத்தாதா? என் மனம் பீச்சர் பக்கமே சாய்கிறது. எனினும், லயன் கணக்குப் பார்த்திராவிடில் அவ்வுழவர் மகளிர் பலர் படியேறியிருக்க மாட்டார்.

கவிஞர் அவையில் இதனைச் சொல்லாது விடலாகாது. 1847இல் பக்கத்து ஊரான ஆமர்ஸ்டிலிருந்து எமிலி டிக்கின்சன் இங்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வாய்த்த பணி உணவு மேசைக் கத்திகளை எடுத்துச் செல்வதும், இரவில் அவற்றைக் கழுவித் துடைப்பதும். பணி கடினமில்லை என்று தோழிக்கு எழுதினார். கடினமாயிருந்தது வேறு. லயன் ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். மாணவியரைச் சமய உறுதி பெற்றோர், நம்பிக்கை உடையோர், நம்பிக்கை அற்றோர் என மூவகைப்படுத்தியிருந்தார். எமிலி மூன்றாம் வகையிலேயே நின்றார். 1848இல் வீடு திரும்பினார். உடன்படாத ஒருத்தியின் பிடிவாதத்துக்கும் அங்கு இடம் இருந்தது, நெருக்கடியோடு.

அந்நிறுவனம் 1888இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1896இல் பழைய கட்டடம் தீக்கிரையானது, மீண்டும் எழுந்தது. வெல்ஸ்லி முதலிய மகளிர் கல்லூரிகள் அதனை முன்மாதிரியாகக் கொண்டன. நம் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கும் அது சகோதரக் கல்லூரி.

1901இல் தலைமையேற்ற மேரி ஊலி, ஆய்வுப் பட்டம் பெற்ற பெண்களைத் தேடிக் கொணர்ந்து கல்லூரியின் தரத்தை உயர்த்தினார். 1932இல் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் தம் நாட்டின் பேராளராக அமர்ந்தார். அவர் ஓய்வுபெற்ற 1937, கல்லூரியின் நூற்றாண்டு. நூறாண்டு பெண்களே நடத்திய நிறுவனத்துக்கு, ஊலியின் எதிர்ப்பையும் மீறி, ஆட்சிக் குழுவினர் ஓர் ஆடவரைத் தலைவராக்கினர். தகுதியுடைய பெண் கிடைக்கவில்லையாம்! பெண்களுக்கு மட்டுமே உரிய கல்லூரியாகத் தொடர்வது என்று 1971இல் முடிவெடுத்த அதே நிறுவனம், அடுத்த பெண் தலைவரைக் கண்டது 1978இல்தான். ஊலி 1947இலேயே மறைந்தார். பதவி நீங்கிய பின்னர் அவ்வளாகத்தில் அவர் ஒருமுறையும் அடிவைக்கவில்லை.