மலைப் பள்ளியா, தாய்நாட்டுப் பள்ளியா: ஆஸ்போர்ன் குடும்பமும் தமிழகத்தில் ஆங்கிலேயர் கல்வியும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதியில், ஆதி அருணாசலேசுவரர் கோயிலை ஒட்டி அமைந்த ஊர் அடி அண்ணாமலை. தெற்கே ரமணாசிரமத்தில் தொடங்கி இந்த ஊர் வரை, இன்று வெளிநாட்டவர் பலர் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குகின்றனர். தனியாக வந்தவர்களுக்குத் தங்க இடமும் உணவும் கிடைத்தால் போதும். குழந்தைகளோடு வந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கவலை உண்டு. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? நாளை தாய்நாடு திரும்ப நேர்ந்தால் இங்கே படித்தது அங்கே செல்லுமா? இக்கவலை பழையது. 1940களில் இதே மலையடிவாரத்தில் வாழ்ந்த ஆஸ்போர்ன் குடும்பமும் இதே கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது.

குடும்பம் வந்த வழி

ஆர்தர் ஆஸ்போர்ன் 1906இல் லண்டனில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். போலந்தில் ஆசிரியப் பணியில் இருந்தபோது லூசியா என்ற போலந்துப் பெண்ணை மணந்தார். பின்னர் பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளரானார். மகன் ஆடம் 1939 மார்ச் 6 அன்று அங்கே பிறந்தார். 1941இல் குடும்பம் விடுமுறையில் இந்தியா வந்தது. லூசியாவும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்க, ஆர்தர் மட்டும் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை தாய்லாந்தில் நுழைந்தது. போர் முடியும்வரை ஆர்தர் சிறை முகாமில் இருந்தார். விடுமுறைக்கு வந்த தாயும் பிள்ளைகளும் நான்கு ஆண்டுகள் திருவண்ணாமலைவாசிகள் ஆயினர்.

1945இல் ஆர்தர் விடுதலையாகி வந்து சேர்ந்தபோது ஆடமுக்கு ஆறு வயது. பிற்காலத்தில் ரமணரின் வரலாற்றை எழுதியவராகவும், 1964இல் 'தி மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவராகவும் ஆர்தரை ஆசிரம அன்பர்கள் அறிவர்.

திருவண்ணாமலையில் பள்ளி இல்லாமல் இல்லை. டேனிஷ் மிஷன் பள்ளி இருந்தது. ஆனால் அத்தகைய பள்ளிகள் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கும், அதன் வழியே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் மாணவரை ஆயத்தம் செய்தன. இங்கிலாந்துப் பள்ளியில் நடுவகுப்பில் சேர வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பாதை உதவாது. ஆடம் கோடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்டில் சேர்க்கப்பட்டார். 1842 முதல் சென்னையில் கல்விப் பணி செய்துவந்த அயர்லாந்துக் கன்னியர் சபையின் பள்ளி அது. திருவண்ணாமலையில் ரயிலேறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, திருச்சி, திண்டுக்கல் வழியாகக் கோடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, பிறகு மலைப்பாதையில் மேலே ஏற வேண்டும். மலைப் பள்ளிகளில் நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான். ஆகவே குழந்தைகள் ஆண்டின் பெரும்பகுதியைப் பெற்றோரைப் பிரிந்தே கழித்தனர்.

பள்ளிக்குப் புறப்படுமுன் மகள் கிட்டி ரமணரிடம் சென்று, தன்னை மறந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டதாக அடியவர் நினைவுகளில் ஒரு செய்தி உண்டு. கிட்டி நினைத்துக்கொண்டால் தாமும் நினைத்துக்கொள்வதாக அவர் சொன்னாராம். பக்தியின் சான்றாகவே இதை எடுத்துக்காட்டுவர். விடுதிக்குப் போகும் குழந்தையின் அச்சமும் இதில் இருப்பதை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர்.

மலைப் பள்ளிகள் ஏன் தோன்றின?

ஆஸ்போர்ன் குடும்பத்துக்குக் கிடைத்த இந்த வழி, அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் உருவானது. இந்தியாவில் பணிபுரிந்த வசதியான ஆங்கிலேயர், பிள்ளைக்கு ஆறேழு வயதானதும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர். சமவெளி வெயில் குழந்தையின் உடலைக் கெடுக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆயாவிடமும் வேலையாட்களிடமும் பழகி, உள்ளூர்ப் பேச்சின் சாயல் ஆங்கிலத்தில் ஏறிவிடும் என்பது அதைவிடப் பெரிய அச்சம். அந்தச் சாயல் ஒட்டிக்கொண்டால் ஊருக்குப் போனபின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தனர்.

பிரிவின் விலை எவ்வளவு என்பதற்கு ருட்யார்ட் கிப்ளிங் தெரிந்த சான்று. 1865இல் பம்பாயில் பிறந்த அவரையும், மூன்று வயதுத் தங்கையையும் 1871இல் இங்கிலாந்தின் சவுத்சீ நகரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். அங்கே கழிந்த ஆண்டுகளின் துன்பத்தைப் பின்னாளில் அவர் கதையாகவும் தன்வரலாறாகவும் எழுதினார்.

கப்பல் கட்டணத்துக்கும் இங்கிலாந்துப் பள்ளிக் கட்டணத்துக்கும் வழியில்லாத படைவீரர், ரயில்வே ஊழியர், மிஷனரிமார் ஆகியோரின் பிள்ளைகளுக்கும், ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்கும் மலைப் பள்ளியே கதி. படைவீரர் குழந்தைகளுக்கான லாரன்ஸ் பள்ளி உதகையில் 1858இல் தொடங்கி, பின்னர் லவ்டேலுக்கு மாறியது. குன்னூர் ஸ்டேன்ஸ் பள்ளியும் அதே 1858இல் தோன்றியது. நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் நினைவாக உதகையில் 1874இல் ஒரு பள்ளி எழுந்தது. மிஷனரிமாரின் குழந்தைகளுக்காகக் குன்னூரில் 1899இல் ஹெப்ரான் பள்ளியும், கோடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் ஹைகிளர்க் பள்ளியும் வந்தன. குளிர்ந்த மலை இங்கிலாந்துக்கு மாற்றாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் பிள்ளை மலையில் படிக்கிறதா, கப்பலேறிவிட்டதா என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் தகுதியை மதிப்பிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது.

தேர்வு கடல் கடந்த கதை

மேலே சொன்ன 1858க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியூர்ப் பள்ளி மாணவருக்கான தன் தேர்வுகளை முதன்முதலாக நடத்தியது அவ்வாண்டில்தான். சில ஆண்டுகளுக்குள், 1860களிலேயே, அத்தேர்வு கரீபியன் தீவான டிரினிடாடுக்குச் சென்றது. பின்னர் இந்தியாவின் ஐரோப்பியப் பள்ளிகளுக்கும் வந்தது. ஜூனியர் கேம்பிரிட்ஜ், சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பெயர்கள் நம் தாத்தா காலத்தவருக்கு நன்கு பழக்கமானவை. வினாத்தாள் கேம்பிரிட்ஜிலிருந்து வரும். எழுதிய விடைத்தாள் கப்பலில் கேம்பிரிட்ஜுக்குப் போகும். முடிவு தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு இது பெரிய வரம். தந்தைக்கு எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் பிள்ளையின் படிப்பு அறுபடாது. ஆனால் பாடம் ஊரோடு ஒட்டவில்லை. நீலகிரியில் வளர்ந்த குழந்தை தேம்ஸ் ஆற்றின் கிளைகளைப் படித்தது. காவிரியைப் பற்றி அறிய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பாடத்திட்டம் கையோடு எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டுமானால், எந்த ஊரின் மண்ணும் அதில் ஒட்டக் கூடாது போலும்.

1947க்குப் பின்

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் குடும்பங்கள் குறைந்தன. அந்த இடங்களில் இந்தியப் பிள்ளைகள் அமர்ந்தனர். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு உள்நாட்டு மாற்றாக 1958இல் இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான குழு அமைக்கப்பட்டது. ஐ.சி.எஸ்.இ. என்று இன்று நாம் அறியும் தேர்வை நடத்துவது அதுவே. கோடைக்கானல் பள்ளி 1970களில் பன்னாட்டுப் பள்ளியாகி, இந்தியாவில் முதலாவதாக ஐ.பி. பாடத்திட்டத்தை ஏற்றது. ஹெப்ரான் பள்ளி அதே பத்தாண்டில் உதகைக்கு மாறியது; பிரிட்டிஷ் பாடத்திட்டத்தை அது கைவிடவில்லை.

ஆடம் ஆஸ்போர்ன் 1950இல், 11 வயதில், இங்கிலாந்து சென்றார். ரமணர் மறைந்த ஆண்டும் அதுவே. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை முடித்து மேல்நிலைக்குப் பிரியும் வயது 11. வார்விக்‌ஷயரிலும் பின்னர் ரெடிங் நகரின் லெய்ட்டன் பார்க் பள்ளியிலும் விடுதியில் தங்கிப் படித்தார். 1961இல் பர்மிங்ஹாமில் வேதிப் பொறியியல் பட்டம், 1968இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்று அவர் படிப்பு தொடர்ந்தது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியாகப் பெரிய அளவில் விற்ற முதல் கணினி, 1981இல் வந்த 'ஆஸ்போர்ன் 1', அவர் நிறுவனத்தின் படைப்பு. அதன் எடை 11 கிலோ, விலை 1,795 டாலர். 1983இல் நிறுவனம் நொடித்தது. நோயுற்ற நிலையில் இந்தியா திரும்பிய ஆடம் 2003 மார்ச் 18 அன்று, தாம் சிறுவனாகப் படித்த அதே கோடைக்கானலில் காலமானார்.

இன்றைய நிலை

இன்று இந்தக் கேள்வி திசை மாறிவிட்டது. துபாயிலும் தோகாவிலும் வேலை செய்யும் தமிழ்ப் பெற்றோர், சி.பி.எஸ்.இ. பள்ளியா பிரிட்டிஷ் பள்ளியா என்று யோசிக்கின்றனர். பிரிட்டிஷ் வழியில் 16 வயதில் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பாடங்களில் ஏ லெவல். மேற்படிப்பு இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ என்றால் சிக்கலில்லை. தமிழகம் திரும்பி மருத்துவம் படிக்க விரும்பினால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் விடாமல் எடுத்திருக்க வேண்டும். பொறியியலுக்கு உயிரியலின் இடத்தில் கணிதம். 16 வயதில் இவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பும் குடும்பம் திகைத்து நிற்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைச்சான்றும் தேவைப்படலாம். நீட் தேர்வின் பாடப்பகுதியோ என்.சி.இ.ஆர்.டி. நூல்களை ஒட்டியது. எனவே பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பதற்கு முன், 16 வயதுக்கு மேல் அங்கே என்னென்ன பாடங்களைச் சேர்த்து எடுக்க முடியும் என்றும், தமிழ் எந்த வகுப்புவரை உண்டு என்றும் கேட்டறிவது நல்லது.