பாண் சுடுவோரின் பத்து மணி நேரம்

ஒரு நாட்டின் வரலாற்றைப் போர்க்களங்களிலும் பாராளுமன்றங்களிலும் தேடுவதே நம்மிற் பலருடைய வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் ஒரு பெரும் பகுதியை நீதிமன்ற ஏடுகளிலேயே தேட வேண்டியிருக்கிறது. அந்நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. மக்களின் பிரதிநிதிகள் இயற்றிய சட்டமாயினும், அஃது அரசியலமைப்புக்கு முரணானதென நீதியரசர் ஒன்பதின்மருள் ஐவர் கருதிவிட்டால், அச்சட்டம் அன்றே செல்லாததாகிவிடும். அந்த ஐவர் கையிலே ‘சுதந்திரம்’ என்னும் ஒரு சொல் பட்ட பாட்டையே இப்பேச்சிற் கூற விரும்புகிறேன்.

கதை பாண் போறணையில் ஆரம்பிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூ யோர்க் நகர மக்கள் உண்ட பாணிற் பெரும்பகுதி, தொடர்மாடி வீடுகளின் கீழேயிருந்த நிலவறைகளிற் சுடப்பட்டது. கூரை தாழ்ந்தது, சாளரம் இல்லை, மேல்மாடிகளின் கழிவுநீர்க் குழாய்கள் அவ்வறைகளினூடாகவே சென்றன. இரவு முழுவதும் போறணையின் வெக்கையில் நின்று மாப் பிசைந்தவர்கள், விடிந்தபின் அங்கேயே மா மூட்டைகளின்மேற் படுத்துறங்குவதும் உண்டு. வாரத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் உழைத்தோரும் இருந்தனர். இந்நிலையை எண்ணியே 1895ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றிற்று. வடிகால், கூரையின் உயரம், உறங்குமிடம் ஆகியவற்றுக்கு அது விதி வகுத்தது. அத்துடன், பேக்கரித் தொழிலாளரை நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேலாக வேலை செய்விக்கவோ, செய்ய அனுமதிக்கவோ கூடாதென்றும் விதித்தது. சுகாதார விதிகளைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. மணிக்கணக்கே வழக்காயிற்று.

அம்மாநிலத்தின் யூற்றிக்கா என்னும் நகரிலே ஜோசப் லொக்னர் என்பவர் ஒரு சிறு பேக்கரி நடத்தி வந்தார். தொழிலாளி ஒருவரை 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விட்டதற்காக ஒருமுறை தண்டம் இறுத்தவர், மீண்டும் அதையே செய்து 1902இல் 50 டொலர் தண்டம் பெற்றார். அவர் மேன்முறையீடு செய்தார். மாநில நீதிமன்றங்கள் இரண்டும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. ஆனால் இரண்டிலும் ஒரேயொரு வாக்கு வித்தியாசமே இருந்தது. இவ்வாறு, 50 டொலர் வழக்கொன்று வாஷிங்டன் மாநகரில் உள்ள உயர் நீதிமன்றத்தின் படியேறியது.

அங்கே லொக்னருக்காக வாதாட வந்தவருள் ஒருவரின் கதை சுவையானது. ஹென்றி வைஸ்மன் என்னும் அவர், ஒரு காலத்திற் பாண் சுடும் தொழிலாளரின் சங்கத் தலைவர். சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியர். 1895ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற முன்னின்று உழைத்தவர். பின்னர்ச் சங்கத்தை விட்டு விலகித் தாமே பேக்கரி முதலாளியாகி, சட்டமும் பயின்று, தாம் கொணர்ந்த சட்டத்தைத் தாமே கவிழ்க்க வந்து நின்றார். முதலாளியான பின்னரே அச்சட்டம் முதலாளிமாருக்கு இழைக்கும் அநீதி தமக்குப் புலனாயிற்று என அவர் பிற்காலத்திற் கூறினார். மனிதன் நிற்கும் இடம் மாறினால் நியாயமும் மாறித் தோன்றும் போலும்!

1905ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 17ஆம் திகதி தீர்ப்பு வெளிவந்தது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். ஐவரின் சார்பில் எழுதிய நீதியரசர் பெக்கம், 1868இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டார். உரிய சட்டமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் எந்த மாநிலமும் பறித்தல் ஆகாது என்பது அத்திருத்தத்தின் விதிகளுள் ஒன்று. உள்நாட்டுப் போரின்பின், விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் காவலாக எழுதப்பட்ட வாசகம் அது. தன் உழைப்பை விரும்பியவாறு விற்கவும், பிறருழைப்பை விரும்பியவாறு வாங்கவும் உள்ள உரிமையும் அச்சுதந்திரத்துள் அடங்கும் என்றார் பெக்கம். 10 மணிக்குமேல் உழைத்து அதிகம் சம்பாதிக்க ஒரு தொழிலாளி விரும்பினால் அதைத் தடுக்க அரசு யார்? பாண் சுடுவோர் அறிவிற் குறைந்தவரோ? அரசின் பராமரிப்பில் வாழும் சிறுவரோ? பாணின் தூய்மையும் அதைச் சுட்டவன் எத்தனை மணி நேரம் உழைத்தான் என்பதைப் பொறுத்ததன்று. மாவின் தூசி கேடென்றால், வெயில் படாத அறையில் எழுதிக்கொண்டிருக்கும் வங்கி எழுதுவினைஞனின் வேலையும் கேடுடையதே. அப்படியானால் அச்சடிப்போன், தச்சன், மருத்துவரின் எழுதுவினைஞன் என எவரையும் சட்டம் விட்டுவைக்காதே என்பது அவர் வாதம்.

வாதத்திற் கூர்மை இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதிலே ஒரு பெரிய ஓட்டை உண்டு. வாடகை கொடுக்க வழியில்லாத தொழிலாளியும், அவனுக்குப் பதிலாக வாசலில் நிற்கும் பத்துப் பேரைக் காட்டக்கூடிய முதலாளியும் சரிசமமாக அமர்ந்து பேரம் பேசினர் என அத்தீர்ப்பு எண்ணிக்கொண்டது.

மாறுபட்ட தீர்ப்புகள் இரண்டு எழுதப்பட்டன. அவற்றுள் நீதியரசர் ஹோம்ஸ் தனியாக எழுதியது உலகப் புகழ் பெற்றது. ஹெர்பட் ஸ்பென்சர் என்னும் ஆங்கில அறிஞரின் சமூகக் கொள்கையைப் பதினான்காம் திருத்தம் சட்டமாக்கிவிடவில்லை என அவர் எள்ளி எழுதினார். எந்தப் பொருளாதாரக் கொள்கை நல்லது எனத் தீர்மானிக்க வேண்டியவர் மக்களே, நீதியரசர் அல்லர் என்பது அவர் கருத்து. சட்ட மாணவர் இன்றும் அதனையே விரும்பிப் படிப்பர். எனக்கோ நீதியரசர் ஹார்லன் எழுதி, வேறிருவர் உடன்பட்ட மற்றத் தீர்ப்பே மேலானதாகத் தோன்றுகிறது. ஹார்லன் கென்ரக்கி மாநிலத்தவர். ஒரு காலத்தில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வேறு வேறு இருப்பிடம் வகுத்த புகைவண்டிச் சட்டத்தை 1896இலே நீதிமன்றம் ஏற்றபோது தன்னந்தனியாக மறுத்தவரும் அவரே. இந்த வழக்கில் அவர் கொள்கை பேசவில்லை. மருத்துவ நூல்களைப் புரட்டினார். ஓயாது பறக்கும் மாத்தூசி நுரையீரலையும் மூச்சுக்குழலையும் அழற்றுகிறது. கண்களிலிருந்து நீர் வடிகிறது. வெக்கையும் கண்விழிப்பும் உடலைத் தேய்க்கின்றன. பாண் சுடுவோருள் ஐம்பது வயதைத் தாண்டுவோர் அரியர் என அந்நூல்கள் கூறியதை எடுத்துக்காட்டினார். ஹோம்ஸ் நீதியரசரின் எல்லையைக் கண்டார். ஹார்லன் நிலவறையில் நின்ற மனிதனைக் கண்டார்.

ஹார்லன் காட்டிய வழியை வேறொருவர் மூன்றாண்டுகளிற் பெருவழியாக்கினார். ஒறிகன் மாநிலத்தில், சலவைச்சாலை முதலியவற்றில் உழைக்கும் பெண்களுக்கு 10 மணி நேர எல்லை வகுத்த சட்டமொன்று இருந்தது. போட்லண்ட் நகரிலே கேட் முல்லர் என்னும் சலவைச்சாலை முதலாளி அதை மீறி 10 டொலர் தண்டம் பெற்று, லொக்னரைப்போல வாஷிங்டன் சென்றார். மாநிலத்துக்காக வாதாடியவர் லூயி பிரண்டைஸ். அவரது மைத்துனி ஜோசபீன் கோல்ட்மார்க்கும் துணைவியரும் நூலகம் நூலகமாகச் சென்று, பல நாடுகளின் தொழிற்சாலைப் பரிசோதகர், மருத்துவர் ஆகியோரின் அறிக்கைகளைத் தொகுத்துக் கொடுத்தனர். 113 பக்கங்கள் கொண்ட அந்த எழுத்து வாதத்திலே சட்டம் பேசியது இரண்டு பக்க அளவே. எஞ்சியதெல்லாம் நீண்ட நேர உழைப்பு உடலை என்ன செய்கிறது என்பதற்கான சான்று. 1908ஆம் ஆண்டு பெப்புருவரியில் நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றது. எழுதியவர், 1905இல் ஐவருள் ஒருவராயிருந்த புரூவர்! பெக்கமும் உடன்பட்டார்.

வெற்றிதான், ஆனால் அதிலே ஒரு முள்ளும் இருந்தது. பெண் இயல்பிலேயே ஆணைவிட வலிமை குன்றியவள், தாய்மைக்குரியவள், ஆதலாற் பாதுகாக்கப்பட வேண்டியவள் என்பதே தீர்ப்பின் அடிப்படை. இம்முள் 1923இற் குத்திற்று. தலைநகர்ப் பிரதேசத்திற் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அவ்வாண்டில் வழக்கிற்கு வந்தது. 1920இற் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது. இனி அவர் ஆணுக்குச் சமம். ஆதலால் தனிப் பாதுகாப்பு எதற்கு என்று நீதியரசர் சதர்லண்ட் எழுதி, பெரும்பான்மையினர் அச்சட்டத்தை நீக்கினர். வழக்காளியருள் ஒருத்தி விடுதியொன்றில் மின்னுயர்த்தி இயக்கிய 21 வயதுப் பெண். மாதம் 35 டொலரும் நாளுக்கு இருவேளை உணவும் அவள் ஊதியம். வாக்குரிமையைக் காட்டிக் கூலியைப் பறித்த இந்த நியாயம் எனக்கு இன்றும் விளங்குவதில்லை.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. இடையிலே பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், வெனாச்சி என்னும் ஊரின் விடுதியொன்றில் அறைகளைத் துப்புரவு செய்த எல்சி பரிஷ் என்பவர், 48 மணி வாரத்துக்கு 14.50 டொலர் என மாநிலம் வகுத்த கூலி தமக்குக் கிடைக்கவில்லையென்று, குறைந்த 216.19 டொலரைக் கேட்டு வழக்கிட்டார். 1937ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி ஐவருக்கு நால்வர் என அவர் வென்றார். அரசியலமைப்பிற் சுதந்திரம் பேசப்படுகிறதேயன்றி ஒப்பந்த சுதந்திரம் பேசப்படவில்லை எனப் பிரதம நீதியரசர் ஹியூஸ் எழுதினார். தொழிலாளிக்கு முதலாளி கொடாத கூலியை ஈற்றிற் சமுதாயமே நிவாரணமாகக் கொடுக்க நேர்கிறது என்றும் சுட்டினார். முந்திய ஆண்டில் இத்தகைய நியூ யோர்க் சட்டத்தை எதிர்த்த நீதியரசர் றொபட்ஸ் இம்முறை பக்கம் மாறியிருந்தார். நீதியரசர் தொகையைக் கூட்டப்போவதாக ஜனாதிபதி றூஸ்வெல்ட் பெப்புருவரியில் வெளியிட்ட திட்டத்துக்கு அஞ்சியே மாறினார் என்பர் பலர். ஆனால் நீதியரசர்கள் தம்முள் வாக்களித்தது அதற்கு முந்திய டிசம்பரிலேயே ஆகும்.

சிறுவர் வழக்கு ஒன்று எஞ்சியுள்ளது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தும், அல்லது 14 முதல் 16 வயது வரையுள்ளோரை நாளுக்கு 8 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கும் ஆலைகளின் பொருள்களை மாநில எல்லை தாண்டி அனுப்பலாகாதென 1916இற் காங்கிரஸ் விதித்தது. வட கரோலினாவின் ஷார்லட் நகரப் பஞ்சாலைத் தொழிலாளி றோலண்ட் டாகன்ஹாட், தம் இரு புதல்வரின் வேலை போகுமென வழக்கிட்டார்; வழக்கின் பின்னே நின்றவர் ஆலை முதலாளிமார். 1918இல், மீண்டும் ஐவருக்கு நால்வராக, அச்சட்டம் வீழ்ந்தது. பொருள் உற்பத்தி மாநிலத்தின் விடயம், காங்கிரசுக்குரியதன்று என எழுதிய டே, லொக்னர் வழக்கில் ஹார்லனோடு நின்றவர். 1938ஆம் ஆண்டு நியாயத் தொழிற் றரச் சட்டத்தை 1941 பெப்புருவரியில் ஒருமனதாக ஏற்றபோதே நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கைவிட்டது.

புதல்வருள் மூத்தவனான றூபனைப் பத்திரிகையாளர் ஒருவர் 1923இற் கண்டு பேசினார். அப்போது அவனுக்கு வயது 20, நிறை 105 இறாத்தல். பள்ளிக் கல்வி இல்லை. அரசியலமைப்பு அவனுக்கு உறுதிசெய்த உரிமையால் என்ன கிடைத்தது என அவர் வினவினார். வடக்கேயிருந்து வந்த பெரிய வழக்குரைஞர்கள் தங்களை மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்றதையும், ஆளுக்கொரு கொக்கா கோலா வாங்கிக் கொடுத்ததையும் அவன் சொன்னான்.