தண்ணியப் பாக்கவா டிக்கெட்டு?

ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்து இறங்கினா, அமெரிக்காவுல பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க செய்யற முதல் காரியம் வண்டிய எடுத்துக்கிட்டு நயாகராவுக்கு விடறது. நானும் விட்டேன். மூணு பேர் கையிலயும் இந்திய பாஸ்போர்ட், கனடா விசா கிடையாது. அதனால அமெரிக்கக் கரை மட்டும்தான். இதுல ஒரு சங்கடம் இருக்கு. அருவியோட முகம் கனடாவைப் பாத்துக்கிட்டு இருக்கு. இந்தப் பக்கம் நின்னா தோளும் காதும்தான் தெரியும்.

டிக்கெட் கவுண்ட்டர்ல பெரிய பலகை. 'மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்' படகு, 'கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்', கோபுரம், மீன் காட்சியகம், எல்லாத்தையும் சேர்த்து ஒரு பாஸ். எதை எடுக்க, எதை விட? மூணு பேருக்கு டாலரைப் பெருக்கி, அதை ரூபாயில இன்னொரு தடவை பெருக்கி (இந்த வியாதி போகவே மாட்டேங்குது) நான் முழிச்சுக்கிட்டு இருக்கும்போது அம்மா கேட்டாங்க: "ஏண்டா, தண்ணியப் பாக்கறதுக்கு எதுக்குடா டிக்கெட்டு?"

"பாக்கறதுக்கு இல்லம்மா, நனையறதுக்குத்தான் டிக்கெட். பாக்கறது ஃப்ரீ"ன்னு சொல்லிட்டேன். சொன்னது சரிதான். ஆனா இதையே 1885-க்கு முன்னாடி சொல்லியிருந்தா அது பச்சைப் பொய்.

அருவியப் பாக்கக் கூட்டம் வர ஆரம்பிச்சது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எரி கால்வாய் 1825-ல் திறந்ததும் கூட்டம் எகிறிடுச்சு. ஓட்டல்காரர்களுக்கு அருவி மட்டும் பத்தலை. 1827-ல் ஒரு பழைய கப்பல்ல கரடி, எருமைன்னு மிருகங்களை ஏத்தி, அருவிக்கு மேலேர்ந்து தள்ளிவிட்டு வேடிக்கை காட்டினாங்க. கரடிகள் புத்திசாலிங்க, கப்பல் விளிம்புக்குப் போறதுக்குள்ள குதிச்சு நீந்தித் தப்பிச்சிடுச்சு. 1859-ல் ப்ளாண்டின் என்கிற பிரெஞ்சுக்காரர் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கயிறு கட்டி நடந்தார். அதே வருஷம் தன் மேனேஜரை முதுகுல சுமந்துக்கிட்டும் நடந்தார். (மேனேஜரை முதுகுல சுமக்கிற வழக்கம் அப்பவே இருந்திருக்கு பாருங்க :-))

இதெல்லாம் கூட வேடிக்கைன்னு விட்டுடலாம். கொள்ளை நடந்தது கரையில. கனடா பக்கம் அருவிக்கு நேர் எதிரே இருந்த கால் மைல் நீளத் தெருவுக்கு 'தி ஃப்ரண்ட்'னு பேரு. ஓட்டல், மியூசியம், நினைவுப்பொருள் கடை, குதிரைவண்டித் தரகர்னு அத்தனை பேரும் அங்கே. அவங்க டெக்னிக்கைக் கேளுங்க. "வாங்க சார், படி இறங்கி அருவிக்குப் பின்னாடி போய்ப் பாருங்க, காசே வேணாம்"னு கூட்டிட்டுப் போவாங்க. நனையாம இருக்க எண்ணெய்த்துணிக் கோட்டு ஒண்ணை மாட்டிவிடுவாங்க. மேலே ஏறி வந்ததும் கோட்டுக்கு வாடகை, வழிகாட்டிக்குக் கூலின்னு ஒரு பில். குடுக்காம நகர முடியாது, மிரட்டல்தான். அங்கே இருந்த டேபிள் ராக் ஹவுஸ் என்கிற கடைக்கு 'நாற்பது திருடர் குகை'ன்னே பட்டப்பேர் இருந்தது.

அமெரிக்கப் பக்கம் இன்னும் நாகரிகமான கொள்ளை. கரை மொத்தமும் தனியார் சொத்து. நடுவுல இருக்கற கோட் ஐலண்ட் தீவை 1816-ல் போர்ட்டர் குடும்பம் வாங்கி, பாலம் போட்டு, பாலத்துக்குச் சுங்கம் வச்சது. அந்தக் குடும்பத்தைப் பத்தி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லணும்: தீவோட மரங்களை அவங்க வெட்டாம வச்சிருந்தாங்க. கரையோரம் அப்படி இல்லை. மில்லுங்க, தொழிற்சாலைங்க, விளம்பரப் பலகைங்க. மிச்ச இடத்துக்கு வேலி. வேலியில இருக்கற ஓட்டை வழியாப் பாக்கக் கூட காசு கேட்டாங்கன்னு சொல்வாங்க. 1880 வாக்கில், காசு குடுக்காம அருவியப் பாக்க அமெரிக்கக் கரையில ஒரு இடம் கூட பாக்கி இல்லை.

இதை எதிர்த்துக் கிளம்பினவர்களில் முக்கியமானவர் ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைச்சவர்களில் ஒருத்தர். 1869-லேயே நண்பர்களோட கோட் ஐலண்ட்ல உக்காந்து இதைப் பேச ஆரம்பிச்சுட்டார். அப்புறம் அரசுக்கு அறிக்கை போச்சு. கார்லைல், ரஸ்கின், எமர்சன், லாங்ஃபெல்லோன்னு பெரிய தலைகள் எல்லாம் மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. நியூயார்க் கவர்னர் கார்னெல் மசியலை. வேடிக்கை பாக்கறவனுக்காக மக்கள் வரிப்பணத்தைச் செலவழிக்கணுமான்னு அவருக்குக் கேள்வி. நியாயமா யோசிச்சா அது ஒரு முட்டாள் கேள்வி இல்லை, இன்னிக்கும் பட்ஜெட் விவாதத்துல வர்ற கேள்விதான். அடுத்து வந்த க்ளீவ்லாண்ட் 1883-ல் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அரசு சுமார் 14 லட்சம் டாலர் குடுத்து 400 ஏக்கருக்கு மேல வாங்கிச்சு. அதுல பெரும்பகுதி தண்ணிக்கு அடியில இருந்த நிலம்! கட்டடங்களை இடிச்சு, வேலியப் பிடுங்கி, 1885 ஜூலை 15 அன்னிக்குத் திறந்துவிட்டாங்க. கனடாக்காரங்களும் 1888-ல் விக்டோரியா பூங்காவைத் திறந்தாங்க. இன்னிக்கும் அமெரிக்கப் பூங்காவுக்குள்ள நடந்து போனா நுழைவுக் கட்டணம் கிடையாது. (கார்ல போனா பார்க்கிங்ல புடுங்கிடுவாங்க, அது தனிக் கதை.)

சரி, பலகைக்கு வருவோம். படகுக்கும் ஒரு கதை இருக்கு. 1846-ல் ஆத்தைக் கடக்கற சாதாரணப் பரிசல் மாதிரிதான் அது ஆரம்பிச்சது. 1848-ல் பக்கத்துல தொங்குபாலம் வந்து பிழைப்பு போச்சு. உடனே "கரைக்குக் கரை போனாத்தானே போட்டி, அருவிக்கிட்டயே கூட்டிட்டுப் போறோம்"னு சுற்றுலாப் படகா மாறிடுச்சு. 1861-ல் பணமுடையில படகை ஏலத்துல வித்தாங்க. வாங்கினவங்க அதை ஒன்டாரியோ ஏரியில ஒப்படைக்கச் சொன்னாங்க. அங்கே போக ஒரே வழி, கீழே இருக்கற பயங்கரமான சுழல். ஜோயல் ராபின்சன் என்கிற மாலுமி இன்னும் ரெண்டு பேரோட அதுல ஓட்டிக் காட்டினார். புகைபோக்கி முறிஞ்சு விழுந்தது, ஆளுங்க பிழைச்சாங்க. மறுபடி படகு விட்டது 1885-ல், வேலி பிடுங்கின அதே வருஷம். 2020-லேர்ந்து அமெரிக்கப் பக்கம் ஓடறது பேட்டரிப் படகு.

'கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்'ல இப்ப கேவே கிடையாது, தெரியுமோ? ப்ரைடல் வெயில் அருவிக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு குகை இருந்தது. 1954-ல் பாறை சரிஞ்சு, அபாயம்னு 1955-ல் வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. இப்ப இருக்கறது அருவிக்கு அடியில மரப்படிகளும் மேடைகளும்தான். குளிர்காலப் பனி நொறுக்கிடும்னு வருஷா வருஷம் பிரிச்செடுத்து, வசந்தத்துல திரும்பக் கட்டறாங்க. எனக்குக் கேட்டா, ஒண்ணே ஒண்ணுதான் எடுக்க முடியும்னா வாலிபப் பசங்க இதைத்தான் எடுக்கணும். படகுல அருவி தெரியும், இங்கே அருவி அடிக்கும்.

ஆனா அப்பாவுக்கு முழங்கால் வலி. படி கதைக்காகாது. படகுக்கு லிஃப்ட் உண்டு. ஆக மூணு படகு டிக்கெட், நீலக்கலர் பிளாஸ்டிக் கோட்டு. (கோட்டுக்குத் தனியா காசு கேக்கலை!)

சாயங்காலம் கோட் ஐலண்ட் ஓரத்துல டெராப்பின் பாயிண்ட்ல போய் நின்னோம். குதிரைலாட அருவி காலடியிலேர்ந்து விழற இடம், பைசா செலவில்லை. சாரல்ல அம்மா மறுபடி முழுசா நனைஞ்சாங்க. அப்பதான் அப்பாகிட்ட வாயைக் குடுத்தேன். 1950-ல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, சீசன் பகல்ல நொடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாம அருவிக்கு விடணும், ராத்திரியிலயும் குளிர்காலத்துலயும் 50,000 போதும், மிச்சம் மின்சாரத்துக்குன்னு முடிவு பண்ணினாங்க. கோடையில பகல்னா காலை 8 முதல் ராத்திரி 10 வரை. நம்ம பாஷையில சொன்னா, அருவிக்கு க்ரான் ஜாப் போட்டு வச்சிருக்காங்க.

அப்பா வாட்சைப் பாத்தார். மணி எட்டரை. "பத்து மணிக்குக் குறைக்கறானான்னு இருந்து பாத்துட்டே போலாம்"னு பெஞ்சுல உக்காந்துட்டார். பத்தே கால் வரைக்கும் இருந்தோம். எங்க மூணு பேர் கண்ணுக்கும் ஒரு சொம்பு கூட குறைஞ்ச மாதிரி தெரியலை.