ஏ40 காருக்குக் கம்ஷாப்ட் மாற்றப் போகிறீர்களா?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயிலால் கம்ஷாப்ட்டின் மேடுகளைக் காக்க முடியாது. மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, இழுவை குறையும். பலர் கார்பரேற்றரில் பிழை தேடியே காசைக் கரைக்கிறார்கள். ரொக்கர் மூடியைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு வால்வு மற்றவற்றைவிடக் குறைவாக இறங்கினால் சந்தேகம் கம்ஷாப்ட்டில்தான்.

வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஏ40 சோமசெற்றில் இருப்பது 1200 சிசி எஞ்சின். ஏ40 பரீனாவில் இருப்பது 948 சிசி, 1962 முதல் 1098 சிசி. இவை வேறு குடும்பம். ஒன்றின் கம்ஷாப்ட் மற்றதற்குப் பொருந்தாது. எங்கள் கார்கள் பலவற்றில் எஞ்சினே மாறியிருக்கும், ஆகவே எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். பழைய கம்ஷாப்ட்டைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. பின்முனையில் ஒயில் பம்பைச் சுற்றும் அமைப்பு ஒன்றா? பெற்றோல் பம்ப் எஞ்சினால் இயங்குவதென்றால் அதற்கான மேடு இருக்கிறதா? ரேஸ் கம்ஷாப்ட் வாடகைக் காருக்கு வேண்டாம். குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும்.

ரப்பெற்றுகளையும் சேர்த்தே புதிதாகப் போடுங்கள். பழைய ரப்பெற் புது மேட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

948 எஞ்சினில் ரேடியேற்றர், ரைமிங் மூடி, செயின், ரொக்கர், புஷ் ரொட்டுகள் கழன்றதும், பக்க மூடிகள் வழியாக ரப்பெற்றுகளை எடுக்கலாம். டிஸ்ரிபியூட்டரையும் அதன் பற்சில்லையும் எடுக்காமல் கம்ஷாப்ட்டை இழுக்கக் கூடாது. உள்ளே விடும்போது பெயரிங்கைக் கீறாமல் மெல்லச் சுற்றியபடி தள்ளுங்கள். மேடுகளுக்கும் ரப்பெற் அடிகளுக்கும் தடித்த அசெம்பிளி கிறீஸ் பூசவேண்டும். இரண்டு செயின் சில்லுகளிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேரே பார்க்கவேண்டும். வால்வு இடைவெளி 0.012 அங்குலம்.

முதல் ஸ்ரார்ட்தான் கண்டம். ஐடிலில் விடாமல் சுமார் 2000 சுற்றில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஆகவே இக்னிஷனையும் தண்ணீரையும் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். பிறகு ஒயிலையும் பில்ரரையும் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி அளந்த பின்னரே காரை வாடகைக்கு எடுங்கள்.