சாண்டா ஆனா காற்று

அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை அவ்வப்போது உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட, பலத்த காற்று. அப்பகுதியின் மிகக் கொடிய காட்டுத்தீக்கள் பல இக்காற்று வீசிய நாட்களில் மூண்டவை.

பாலைவனத்தைக் கடந்து வருவதால்தான் இது சுடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இது புறப்படும் இடத்தில் குளிர்ந்தே இருக்கிறது. நெவாடா, யூட்டா மாநிலங்களில் விரிந்து கிடக்கும் கிரேட் பேசின் மேட்டுநிலத்தில் குளிர்காற்று திரண்டு அழுத்தம் கூடும்போது, அது அழுத்தம் குறைந்த கடற்கரைப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கி, 1,000 மீட்டருக்குச் சுமார் 10 பாகை செல்சியஸ் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடி சுடுவதும் இப்படித்தான். சூடு ஏற ஏற ஒப்பு ஈரப்பதம் சரிந்து, சில வேளைகளில் 10 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். கஹோன் போன்ற கணவாய்களில் நெருக்குண்டு வேகமும் கூடும்.

மலைச்சரிவுகளை மூடியிருப்பது சாப்பரல் என்னும் புதர்க்காடு. கோடை முழுதும் அங்கே மழை அரிது. அடுத்த மழையும் தள்ளிப்போனால் ஆபத்து குளிர்காலத்துக்குள்ளும் நீளும். 2025 ஜனவரியில் நேர்ந்தது அதுவே. முந்தைய இரண்டு மழைக்காலங்களில் புல்லும் புதரும் அடர்ந்திருந்தன. ஆனால் 2024 மே மாதத்துக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் பெய்தது சுமார் 4 மில்லிமீட்டர்தான். ஜனவரி 7 அன்று மூண்ட பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்கள் ஏறத்தாழ 30 உயிர்களைப் பறித்தன. 16,000க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. தீயணைப்பு விமானங்கள் பறக்க முடியாத அளவுக்கு அன்றிரவு காற்று வலுத்திருந்தது.

இத்தகைய தீயில் வீடுகளைப் பெரும்பாலும் கொளுத்துவது காற்றில் பறந்துவரும் கங்குகளே. கூரையோரக் குழாயில் தேங்கிய சருகு, பரணுக்குக் காற்றோட்டம் தரும் சிறு வலைத்திறப்பு, சுவரோரம் அடுக்கிய விறகு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றே போதும். பிறகு பற்றிய வீடே அடுத்த வீட்டுக்கு எரிபொருளாகிறது.

இக்காற்றைச் சில நாட்கள் முன்பே கணிக்க முடிவதால், தேசிய வானிலைச் சேவை ‘சிவப்புக் கொடி எச்சரிக்கை’ விடுக்கிறது. காற்றை நிறுத்த முடியாது, பொறியை நிறுத்தலாம். 2003இல் 15 பேரைப் பலிகொண்ட சீடார் தீ, வழிதவறிய வேட்டைக்காரர் ஒருவர் உதவி வேண்டி மூட்டிய நெருப்பிலிருந்து பரவியது. 2007இல் சான் டியேகோ பகுதியை எரித்த விட்ச் தீ மின்கம்பிகளில் தொடங்கியது. அதன்பின் பலத்த காற்றடிக்கும் நாட்களில் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் வந்தது. அது உயிர்காக்கும் ஏற்பாடுதான். எனினும் மூச்சுக்கருவியை நம்பி வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு மாற்று மின்கலம் தராமல் இணைப்பைத் துண்டிப்பது கொடுமை.